ஃபைலுக்குப் பெயர் எங்கே வைப்பது: ஹார்ட்டிஸ்கிலா, எடிட்டிங் மென்பொருளிலா?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் திருமணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி என்று காணொளி எடுத்துத் தரும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மூன்று நாள் திருவிழா. இரண்டு சோனி கேமரா, ஒரு கோப்ரோ, ஒரு ட்ரோன், தனியாக ஒலிப்பதிவுக் கருவி. எல்லாவற்றையும் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டு, உள்ளேயே 'கரகம்', 'தீமிதி', 'அன்னதானம்' என்று பெயர் மாற்றியிருக்கிறார். பிறகு ஹார்ட்டிஸ்கை வேறொரு கணினியில் மாட்டியதும் எல்லாத் துண்டும் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாகிவிட்டது. திரும்ப இணைக்கப் போனால் சி0001, சி0002 என்றுதான் கேட்கிறதாம். சிலவற்றை இணைத்ததும் தீமிதி வரவேண்டிய இடத்தில் சமையல் கொட்டகை வருகிறதாம். "நான் வைத்த பெயரெல்லாம் எங்கே போனது? இனிமேல் எங்கேதான் பெயர் வைப்பது?" என்று கேட்கிறார்.

தம்பி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரை ஹார்ட்டிஸ்கில் வையுங்கள், மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே வையுங்கள், வைத்தபின் மாற்றாதீர்கள். மென்பொருளுக்குள் நீங்கள் செய்ய வேண்டியது அடுக்குவதும் குறிப்பு எழுதுவதும்தான்.

காரணம் இது. பிரீமியரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற வேறு எடிட்டிங் மென்பொருளோ உங்கள் காணொளியைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரியை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால் மூன்று நாள் திருவிழாவின் புராஜெக்ட் ஃபைல், எடுத்த காணொளிக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். பிரீமியரின் புராஜெக்ட் பேனலில் நீங்கள் 'தீமிதி' என்று மாற்றியது கிளிப்பின் பெயர். அது அந்தப் புராஜெக்டுக்குள் மட்டும் செல்லும். ஹார்ட்டிஸ்கில் அந்த ஃபைல் இன்னும் சி0001தான். கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து, எக்ஸ்புளோரரில் காட்டச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும். ரிசால்விலும் இதே கதைதான். அங்கே ஃபைல் பெயர், கிளிப் பெயர் என்று இரண்டு தனித்தனிப் பத்திகளே உண்டு. எதைக் காட்ட வேண்டும் என்பதை வியூ மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

பிரீமியரில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு துண்டை டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாகக் கோக்கும் இடத்தில், வைத்துவிட்டு, அப்புறம் பேனலில் பெயர் மாற்றினால், டைம்லைனில் உள்ளது பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். புராஜெக்ட் செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில், எல்லா இடத்திலும் புராஜெக்டில் உள்ள பெயரையே காட்டு என்ற ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால்தான் இரண்டும் ஒன்றாகும். பெயர் மாற்றியும் மாறவில்லையே என்று பலர் தவிப்பது இதனால்தான்.

சரி, தீமிதி இருந்த இடத்தில் சமையல் கொட்டகை எப்படி வந்தது? சோனி கேமராக்கள் காணொளிக்கு சி0001, சி0002 என்றுதான் எண் போடுகின்றன. இரண்டு கேமராவிலும் புது கார்டு போட்டால் இரண்டிலும் சி0001 இருக்கும். எண் வரிசை தொடர்வதாக அமைக்காமல் கார்டை அழித்துப் போட்டால் மறுநாளும் சி0001 பிறக்கும். ஆக மூன்று நாளில் ஒரே பெயரில் ஆறு ஃபைல் வரை உங்களிடம் இருக்க முடியும். அசல் முகவரி தொலைந்ததும் மென்பொருள் பெயரைத்தான் நம்பித் தேடும். சி0001 என்று கேட்கும்போது நீங்கள் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறீர்களோ, அங்கே உள்ள சி0001ஐ எடுத்துக்கொள்ளும். அது வேறு கேமராவின் வேறு நாள் காட்சி என்று அதற்குத் தெரிய வழியில்லை. கேனன் என்றால் எம்விஐ_, பழைய டிஜேஐ ட்ரோன் என்றால் டிஜேஐ_0001, ஸூம் ரெக்கார்டர் என்றால் ஸூம்0001. எண்ணும் முறை வேறாக இருக்கலாம், ஆனால் திரும்பத் திரும்ப ஒரே பெயர் வரும் ஆபத்து எல்லாவற்றிலும் உண்டு.

எனவே ஒரு பெயருக்கு முதல் இலக்கணம், அது உங்கள் எல்லா ஹார்ட்டிஸ்கிலும் ஒரே ஒரு ஃபைலுக்கு மட்டும் உரியதாக இருப்பது. நம் நாட்டு அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, வருடம் முன்னால். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. அப்புறம் வரிசை எண். வீட்டில் கூப்பிடும் பெயர் எத்தனை இருந்தாலும் அந்த எண் மாறாது. ஃபைல் பெயரையும் அந்த வரிசையில் அமையுங்கள்: தேதி, நிகழ்ச்சி, கேமரா, கேமரா போட்ட அசல் எண். உதாரணம்:

2025-02-11_தைப்பூசம்_ஏ_சி0001

இங்கே தமிழில் காட்டினாலும் ஃபைலில் இதை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தேதியில் வருடம் முன்னால் வருவது முக்கியம். நாம் எல்லாரும் நாள், மாதம், வருடம் என்றே எழுதிப் பழகியவர்கள். கணினியோ இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும். கடந்த தைப்பூசங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. நாளை முன்னால் வைத்தால் கணினியில் 01-02-2026, 11-02-2025, 25-01-2024 என்று மூன்று வருடமும் தலைகீழாக நிற்கும். 2024-01-25 என்று எழுதினால் தானாகவே நேராக நிற்கும். தேதிக்கு நடுவில் சாய்கோடு போட முடியாது, விண்டோஸ் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி ஆகியவற்றுக்கும் அனுமதி இல்லை. சிறு கோடும் அடிக்கோடும் போதும்.

திருவிழாவில் ஒரு சிக்கல் வரும். ரத ஊர்வலம் நள்ளிரவைத் தாண்டிப் போகும். கேமரா மறுநாள் தேதியைப் போட்டுவிடும். நான் வேலை தொடங்கிய நாளின் தேதியையே பெயரில் வைப்பேன். இரவு பத்து மணிக்குக் கோயிலை விட்டுப் புறப்பட்ட ரதமும், விடியற்காலை திரும்பி வந்த ரதமும் ஒரே வேலை. அவை பிரிந்துவிடக் கூடாது. உண்மையான நேரம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும், அதற்காகக் கவலை வேண்டாம். ஆனால் அதற்கு எல்லாக் கேமராவின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். புறப்படும் முன் எல்லாவற்றையும் மலேசிய நேரத்துக்கு, ஒரே நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள். இரண்டு கேமராவின் காட்சிகளை நேர வரிசைப்படி பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கேமராவுக்கு ஏ, பி என்று எழுத்து கொடுங்கள். கேமராவின் உடம்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், நாளுக்கு நாள் மாற்றக் கூடாது. சோனியின் ஏ7எஸ்3, எஃப்எக்ஸ்3 போன்றவற்றில் ஃபைல் செட்டிங்ஸுக்குள் போனால், காணொளிப் பெயருக்கு முன்னால் நாமே ஒரு தலைப்பு வைக்கலாம். உங்கள் கேமராவில் அந்த வசதி இருந்தால் ஏ, பி என்பதை அங்கேயே போட்டுவிடுங்கள். பாதி வேலை கேமராவிலேயே முடிந்துவிடும்.

அசல் எண்ணை ஏன் விடாமல் வைக்கச் சொல்கிறேன் என்றால், என்றாவது பழைய புராஜெக்டையோ கார்டின் இன்னொரு நகலையோ ஒப்பிட வேண்டி வரும். அப்போது சி0047 என்ற அந்த வால் இருந்தால்தான் எது எது என்று சொல்ல முடியும். விண்டோஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி ஒரே பெயர் கொடுத்தால், அசல் எண் அழிந்து, அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று புது எண் விழும். அப்படிச் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸில் உள்ள பவர்ரீநேம், அல்லது பல்க் ரீநேம் யூட்டிலிட்டி போன்ற கருவியில் இருக்கும் பெயருக்கு முன்னால் எழுத்து சேர்க்கலாம். மேக்கில் ஃபைண்டரிலேயே இது உண்டு.

'நல்ல ஷாட்', 'வேண்டாம்', 'பைனல்' இவற்றையெல்லாம் ஃபைல் பெயரில் எழுதாதீர்கள். அவை நம் அபிப்பிராயம், நாளைக்கு மாறும். இன்று வேண்டாம் என்று தள்ளியதில்தான் ஒரு பாட்டியின் முகம் இருந்தது என்று குடும்பத்தார் வந்து கேட்பார்கள். மாறாத விஷயம் பெயரில் இருக்கட்டும், மாறக்கூடியது மென்பொருளுக்குள் இருக்கட்டும். வெளியே கொடுக்கும் இறுதிக் காணொளிக்கும் 'பைனல்', 'பைனல் புதுசு' என்று வைக்காமல் வி01, வி02 என்று எண் போடுங்கள். பூஜ்யம் முன்னால் இருந்தால் பத்தாவது பதிப்பு வரும்போதும் வரிசை குலையாது.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸும் மேக்கும் தமிழ்ப் பெயரை ஏற்கும். ஆனால் ஃபைல் பல கைகள் மாறிப் போகும். வண்ணம் திருத்துபவர், எல்இடி திரையில் ஓட்டுபவர், மண்டபத்தின் பழைய ப்ளேயர் என்று எங்காவது ஒரு கருவி தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் அல்லது திறக்கவே மறுக்கும். மூலக் காணொளிக்கு அந்த ஆபத்து வேண்டாம். தமிழை மென்பொருளுக்குள் தாராளமாக எழுதுங்கள்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்னொரு தொல்லை. கோயில் என்பதை ஒருவர் நடுவில் 'வி' போட்டு எழுதுவார், இன்னொருவர் போடமாட்டார். தீமிதிக்கு ஒருவர் இரண்டு 'இ' போடுவார், இன்னொருவர் 'ஐ' போடுவார். தைப்பூசத்தில் 'எச்' இருக்கும், இல்லாமலும் இருக்கும். மூன்று வருடம் கழித்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும், கிடைக்காத பாதியை எடுக்கவே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு தாளில் நீங்கள் அடிக்கடி எடுக்கும் நிகழ்ச்சிகள், கோயில்கள், பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் எழுத்துக்கூட்டலை எழுதி மானிட்டர் அருகில் ஒட்டுங்கள். உதவிக்கு வரும் பையனும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

தோட்டப் பெயரில் இன்னும் கவனம் தேவை. பலகையில் ஒரு பெயர் இருக்கும், சனங்கள் வாயில் வேறு பெயர் இருக்கும், டிவிஷனுக்குத் தனிப் பெயர் இருக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், நிலம் கைமாறியபோதும் பெயர் மாறிய இடங்கள் உண்டு. கோயில் வேறு இடத்துக்குப் போயிருக்கும், பெயர் பழைய தோட்டத்தினுடையதாகவே இருக்கும். ஃபைல் பெயரில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து வையுங்கள். மற்ற பெயர்கள் எல்லாவற்றையும் அந்த வேலையின் ஃபோல்டரில் ஒரு சாதாரண நோட்பேட் ஃபைலில் எழுதுங்கள். யார் பூசாரி, எந்த உபயம் எந்தக் குடும்பத்தினுடையது, கரகம் எடுத்தவர் யார் என்பதையும் அதிலேயே தமிழில் எழுதலாம். எந்த மென்பொருள் மறைந்தாலும் நோட்பேட் ஃபைல் திறக்கும். லயத்து வீடுகளை இடித்த பிறகு அந்தக் கோயிலின் காட்சியைத் தேடி வருகிறவர்களுக்கு, உங்கள் ஃபைல் எண்ணைவிட இந்தக் குறிப்புதான் வழிகாட்டும்.

பழைய விஎச்எஸ் கேசட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையும் வருமே, அங்கே தேதி பெரும்பாலும் தெரியாது. வருடம் மட்டும் தெரிந்தால் 1994-00-00 என்று பூஜ்யம் போடுங்கள். வரிசை கெடாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியதாகவும் ஆகாது. கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து, அதே பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

எப்போது பெயர் மாற்றுவது? கார்டிலிருந்து ஹார்ட்டிஸ்குக்கு நகல் எடுத்து, இரண்டாவது நகலும் எடுத்த பிறகு. கார்டுக்குள் இருக்கும்போது எதையும் தொடாதீர்கள். கேமராவுக்கு அதன் சொந்த ஃபோல்டர் அமைப்பு வேண்டும். சோனி காணொளிக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்எல் என்று ஒரு சின்னத் துணை ஃபைல் இருக்கும், டிஜேஐ ட்ரோனில் எஸ்ஆர்டி ஃபைல் இருக்கலாம். பெயர் மாற்றினால் துணையையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் உறவு அறுந்துவிடும்.

கோப்ரோ ஒரு தனிக் கேஸ். நீளமான பதிவை அது பல பாகமாக வெட்டும். ஜிஎக்ஸ்010123, ஜிஎக்ஸ்020123 என்று இருந்தால், முதலில் வருவது பாக எண், கடைசி நான்கும்தான் பதிவின் எண். அதாவது இரண்டும் 0123 என்ற ஒரே பதிவின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். பெயர் வரிசைப்படி அடுக்கினால் எல்லாப் பதிவின் முதல் பாகங்களும் ஒன்றாக நின்று, இரண்டாம் பாகங்கள் எங்கோ கீழே போய்விடும். கோப்ரோவுக்கு மட்டும் 0123_01, 0123_02 என்று திருப்பி எழுதுவது நல்லது.

உங்களிடம் ஏவிசிஎச்டி என்ற வகையில் பதிவு செய்யும் பழைய ஹேண்டிகேம் இருந்தால் அதில் பெயரே மாற்றாதீர்கள். 'பிரைவேட்' என்ற ஃபோல்டரை அப்படியே முழுதாக நகல் எடுத்து, வெளியே உள்ள ஃபோல்டருக்கு மட்டும் தேதியும் நிகழ்ச்சியும் வையுங்கள். அதில் நீளமான பதிவு பல எம்டிஎஸ் ஃபைலாகப் பிரிந்திருக்கும். ஃபைலை மட்டும் பிய்த்து எடுத்தால், சேரும் இடத்தில் ஒலி அறுபடும்.

வாட்ஸப்பில் உறவினர் அனுப்பும் காணொளியின் பெயரில் ஒரு தேதி இருக்குமே, அது எடுத்த தேதி என்று நம்பிவிடாதீர்கள். அதோடு தரமும் குறைந்திருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

ஃபோல்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு ஒரு தாய் ஃபோல்டர், பெயர் தேதியில் தொடங்கட்டும். உள்ளே காணொளி, ஒலி, படம், புராஜெக்ட், வெளியீடு என்று ஐந்து. காணொளிக்குள் கேமராவுக்கு ஒன்று. அதற்குமேல் ஆழமாகப் போகாதீர்கள். ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல மென்பொருள்கள் திணறும்.

மென்பொருளுக்குள் 'பின்' என்ற அறைகள் இருக்கின்றனவே, அங்கேதான் உங்கள் ஆசைப்படி அடுக்கலாம். அவை ஹார்ட்டிஸ்கில் எதையும் நகர்த்துவதில்லை. திருவிழாவுக்குக் கேமரா வாரியாக அடுக்குவதைவிட நிகழ்ச்சி வரிசையில் அடுக்குங்கள்: கொடியேற்றம், கரகம் பாலித்தல், பால்குடம், காவடி, தீமிதி, ரதம், அன்னதானம். முன்னால் 01, 02 என்று எண் போட்டால் அதே வரிசையில் நிற்கும். இது டைம்லைனின் வரிசையும்கூட, எடிட்டிங் பாதி முடிந்த மாதிரி. கேமராவை வண்ண லேபிளால் காட்டலாம், ஏ நீலம், பி பச்சை என்று. 'நல்லது' என்பதையும், முகம் தெரியும் ஆட்களின் பெயரையும் மெட்டாடேட்டா என்ற குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். அப்புறம் பிரீமியரில் சர்ச் பின், ரிசால்வில் ஸ்மார்ட் பின் உருவாக்கினால், அந்தச் சொல் உள்ள எல்லாத் துண்டும் தானாக வந்து சேரும். உபயக்காரக் குடும்பம் ஒன்று தங்கள் காட்சி மட்டும் வேண்டும் என்று கேட்டால், இப்படி எழுதி வைத்தவருக்கு அது சின்ன வேலை.

இப்போது உங்கள் கையில் உள்ள சிவப்புத் திரைக்கு வருவோம். இந்த வேலை முடியும்வரை ஹார்ட்டிஸ்கில் எந்தப் பெயரையும் மாற்றாதீர்கள், மாற்றினால் சிக்கல் இரண்டாகும். முதலில் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். உங்கள் கணினியில் ஈ என்று இருந்த ஹார்ட்டிஸ்க் அந்த வேறு கணினியில் எஃப் ஆகியிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஈ என்றே மாற்றினால் பெரும்பாலும் எல்லாம் தானே திரும்பிவிடும். அந்த எழுத்து அங்கே வேறு டிரைவுக்குப் போயிருந்தால், பிரீமியரில் தொலைந்த ஃபைலை இணைக்கும் லிங்க் மீடியா பெட்டியில் ஒவ்வொரு கேமராவாகச் செய்யுங்கள். அந்தப் பெட்டியில் தொலைந்த ஃபைலின் பழைய முகவரி தெரியும். அதில் ஏ கேமரா முதல் நாள் என்று இருந்தால் அந்த ஃபோல்டரையே காட்டுங்கள், கணினி தேடிக் கொடுப்பதை அப்படியே ஏற்காதீர்கள். இணைத்தவுடன் நீங்கள் வைத்த கிளிப் பெயரையும் திரையில் வரும் படத்தையும் ஒப்பிடுங்கள். 'தீமிதி' என்ற பெயருக்குக் கீழே சமையல் கொட்டகை தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப இணைத்தால் போதும். நீங்கள் உள்ளே வைத்த பெயர்கள் வீண்போகவில்லை, இந்த இடத்தில் அவைதான் உங்களுக்குச் சாட்சி.

ரிசால்வுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் புராஜெக்ட் உங்கள் வேலை ஃபோல்டரில் இருக்காது, கணினிக்குள் தன் டேட்டாபேஸில் வைத்திருக்கும். ஹார்ட்டிஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் காணொளி இருக்கும், எடிட்டிங் இருக்காது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் புராஜெக்டை டிஆர்பி ஃபைலாக ஏற்றுமதி செய்து, அதே தேதிப் பெயரில் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போட்டுவிடுங்கள்.